வெண்குழியத்துக்குள் இருக்கும் கிளைக்கோசனைப் பார்ப்பது எப்படி

பி.ஏ.எஸ். என்பது பேரயோடிக் அமிலம், ஷிஃப் கரைசல் இரண்டையும் கொண்டு கலத்துக்குள் இருக்கும் கிளைக்கோசனைச் சிவப்பாக்கிக் காட்டும் சாயம்; லூக்கீமியா என்ற குருதிப் புற்றுநோய் எந்த வகை என்று பார்க்க உதவும். அதைப் பற்றிப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "அக்கா, எத்தனை நிமிசம் வைக்கவேணும்?" நிமிடக் கணக்கை எந்தப் புத்தகமும் சொல்லும். சாயம் ஏறிய பிறகு நுணுக்குக்காட்டியில் எந்தக் கலத்தை முதலில் தேடவேண்டும் என்பதைத்தான் யாராவது பக்கத்தில் நின்று சொல்லித் தரவேண்டியிருக்கிறது. எனக்கு ஒருவர் சொல்லித் தந்தார். தராமல் விட்டிருந்தால் ஒரு பிள்ளையின் ஸ்லைட்டைப் பிழையாகப் படித்து அனுப்பியிருப்பேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

திருகோணமலையில் இந்த வேலையைச் செய்வதற்கென்று சில தொல்லைகள் இருக்கின்றன. கச்சான் வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்தால் மேசை முழுக்கப் புழுதி. மாரியில் திறந்தால் ஈரம் உள்ளே வந்து, ஸ்லைட்டில் மெல்லிதாக இழுத்த குருதிப் படலம் காயாமல் நிற்கும். குளிர் நாட்டுக்காரர் எழுதிய செய்முறையில் "அறை வெப்பநிலை" என்று இருந்தால் அது எங்கள் அறையின் வெப்பநிலை இல்லை. அதையெல்லாம் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில், நாம் எதைத் தேடுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிளைக்கோசன் என்பது குளுக்கோசு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து, கிளை கிளையாகப் பிரிந்த சங்கிலி. 1857இல் குளோட் பேர்னார்ட் அதை ஈரலிலிருந்து பிரித்தெடுத்தார். ஈரல் வைத்திருக்கும் கிளைக்கோசன் முழு உடம்புக்கும் பொது. குருதியில் சீனி குறைந்தால் ஈரல் அதை உடைத்து வெளியே விடும். தம்பலகாமத்தில் அறுவடை முடிந்ததும் நெல்லை விற்றுவிட்டு, வீட்டுச் சாப்பாட்டுக்கென்று சில மூட்டைகளை உள்ளே அடுக்கி வைப்பார்களே, வெண்குழியம் வைத்திருப்பது அந்த மாதிரி. அது அந்த வீட்டுக்கு மட்டும்தான்.

அதிலும் நியூட்ரோபில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பயணம் போகிற கலம். பாடப்புத்தகத்தில் இதை நடுநிலைநாடி என்று படித்திருப்பீர்கள். கிருமி புகுந்து சீழ் பிடித்த இடத்தில் ஒட்சிசனும் குறைவு, சீனியும் குறைவு. நியூட்ரோபிலிடம் இழைமணிகளும் கொஞ்சம்தான். ஒட்சிசன் இல்லாமலே குளுக்கோசை உடைத்துத்தான் அது பெரும்பாலும் பிழைக்கிறது. அங்கே போய்க் கிருமியை விழுங்கும் நேரத்தில் கொண்டுபோன கிளைக்கோசனை அவிழ்த்துச் செலவழிக்கும்.

கட்டுவதும் அவிழ்ப்பதும் இரண்டு நொதியங்களின் வேலை. கிளைக்கோசன் சிந்தேசு குளுக்கோசை ஒவ்வொன்றாகச் சங்கிலியில் சேர்க்கும். பொஸ்போரிலேசு சங்கிலியின் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, குளுக்கோசு-1-பொஸ்பேற்றாகத் தரும். இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்ததற்காக 1947இல் கார்ல் கோரியும் அவருடைய மனைவி கேர்ட்டி கோரியும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். மருத்துவத்துக்கான நோபலைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அதே காலத்தில் அவருக்கு என்பு மச்சை நாராகிப் போகும் நோய் இருப்பது தெரியவந்தது. அதோடு பத்து வருடம் ஆய்வுகூடத்தில் வேலை செய்து 1957இல் இறந்தார். என்பு மச்சைப் படலம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது எனக்கு அவருடைய நினைவு வரும். பயிற்சிப் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லித்தான் தொடங்குவேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

குருதி எடுப்பதிலிருந்து

உறையாமல் தடுக்கும் ஈடிரிஏ ரியூப்பில் எடுத்த குருதி என்றால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் படலம் இழுத்துவிடுங்கள். ரியூப்புக்குள் இருந்தாலும் கலம் உயிரோடுதான் இருக்கிறது, அதற்குப் பசிக்கும். சுற்றியுள்ள குளுக்கோசை முடிக்கும், பிறகு தன் கையிருப்பில் கைவைக்கும். முடிந்தால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, விரல் குத்தி, நேரடியாகப் படலம் இழுப்பது எல்லாவற்றிலும் நல்லது.

ஒரு நோயாளிக்கு ஆறு படலமாவது இழுங்கள். ஸ்லைட்டின் தேய்த்த ஓரத்தில் பெயரையும் இலக்கத்தையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மெதனோலில் கரைந்து ஓடிவிடும்.

மாரி காலத்தில் படலத்தை மின்விசிறிக்கு முன்னால் பிடித்து உடனே காயவையுங்கள். மெதுவாகக் காய்ந்தால் கலங்கள் சுருங்கி, கருவும் குழியவுருவும் ஒன்றாக அப்பிப் போகும். காய்ந்ததைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். ஈயும் எறும்பும் வந்து குருதியைத் தின்றுவிடும், திரும்பி வரும்போது படலத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

பிறகு மெதனோலில் 15 நிமிடம் வைத்துப் பதப்படுத்துங்கள். மெதனோல் போத்தலை எப்போதும் இறுக மூடி வையுங்கள். எங்கள் ஊர்க் காற்றில் அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் கலந்த மெதனோலில் வைத்த படலத்தில் செங்குழியங்களுக்குள் பளபளவென்று துளைகள் தெரியும். அந்தத் துளைகளைக் கண்டால் மெதனோலை ஊற்றிவிட்டுப் புதிதாக எடுங்கள். அது நஞ்சு, தீயும் பற்றும். மூக்கை வைத்துப் பார்க்கவேண்டாம்.

ஷிஃப் கரைசல்

இதன் இரசாயனம் அழகானது. கிளைக்கோசனில் இருக்கும் குளுக்கோசில் பக்கத்துப் பக்கத்துக் காபன்கள் இரண்டில் ஐதரொட்சில் கூட்டங்கள் இருக்கும். பேரயோடிக் அமிலம் அந்தக் காபன்களுக்கு இடையிலான பிணைப்பை உடைத்து இரண்டு பக்கத்திலும் அல்டிகைட்டை உண்டாக்கும். நிறமில்லாத ஷிஃப் கரைசல் அந்த அல்டிகைட்டைப் பிடித்ததும் சிவக்கும். ஹியூகோ ஷிஃப் இந்தக் கரைசலை 1866இலேயே செய்துவிட்டார். பேரயோடிக் அமிலத்தோடு சேர்த்து இழையத்தில் இதைப் பயன்படுத்தலாம் என்று மக்மானஸ் காட்டியது 1946இல்.

செய்துவைத்த கரைசல் விலைக்கு வரும். வராத காலத்தில் நாங்கள் செய்தது இப்படி: 200 மில்லிலீற்றர் வடித்த நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, 1 கிராம் பேசிக் பியூச்சின் போட்டுக் கலக்குவோம். 50 பாகைக்கு ஆறியதும் 2 கிராம் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்று. நன்றாக ஆறிய பிறகு 2 மில்லிலீற்றர் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம், 2 கிராம் ஏவப்பட்ட கரி. இரவு முழுக்க இருட்டில் வைத்து, காலையில் வடிதாளில் வடித்தால் தண்ணீர் மாதிரியோ மெல்லிய வைக்கோல் நிறத்திலோ வரும். கையுறை கட்டாயம். கந்தகவீரொட்சைட்டு மணம் வரும், யன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புழுதி வந்தாலும் பரவாயில்லை.

மண்ணிற அல்லது கறுப்புப் போத்தலில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். இந்த ஊரில் மேசைமேல் விட்டால் கந்தகவீரொட்சைட்டு பறந்து கரைசல் இளஞ்சிவப்பாகிவிடும். அப்படியானதை வைத்து வேலை செய்யக்கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு சின்னச் சோதனை: அல்டிகைட்டு உள்ள போமலின் கொஞ்சம் எடுத்து, அதில் சில துளி ஷிஃப் விடுங்கள். உடனே செந்நாவலாகச் சிவந்தால் நல்லது. நிறம் மெதுவாக வந்து, நீலம் கூடிய ஊதாவாக நின்றால் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள். ஒரு நிமிடம்கூட எடுக்காது.

மூன்று ஸ்லைட்டுகள்

ஒரு நோயாளிக்கு ஒரு ஸ்லைட் என்று சாயமேற்றாதீர்கள். எப்போதும் மூன்று வேண்டும்.

ஒன்று, நோயாளியின் படலம். இரண்டாவது, அதே நோயாளியின் இன்னொரு படலம்; பதப்படுத்திய பிறகு அதன்மேல் அமிலேசுக் கரைசலை ஊற்றி, ஈரம் காயாமல் மூடி, 37 பாகையில் அரைமணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை வைப்பது. அமிலேசு கிளைக்கோசனைக் கரைத்துவிடும். முதல் ஸ்லைட்டில் சிவப்பாக இருந்தது இதில் இல்லாமல் போனால்தான் அது கிளைக்கோசன். ஏனென்றால் பி.ஏ.எஸ். கிளைக்கோசனை மட்டும் பிடிப்பதில்லை. சீனி ஒட்டிய புரதங்களையும் பிடிக்கும். சரியாகக் கழுவாத ஷிஃப் படிவும் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். அமிலேசு கிடைக்காத நாட்களில் எங்கள் மூத்தவர்கள் தங்கள் உமிழ்நீரையே பாவித்தார்கள். அதிலும் இருப்பது அமிலேசுதான், வேலை செய்யும்.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாட்டு ஸ்லைட்: நோயில்லாத ஒருவரின் படலம். நான் எப்போதும் என் இடது கை மோதிர விரலைத்தான் குத்துவேன். பி.ஏ.எஸ். செய்த ஒவ்வொரு நாளும் என் குருதியும் அந்த ஜாரில் நின்றது.

மூன்றும் சேர்ந்து போகும் வழி: 1 வீத பேரயோடிக் அமிலத்தில் 10 நிமிடம், வடித்த நீரில் அலசல். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வெளிச் சூட்டுக்கு வந்த ஷிஃப் கரைசலில், மூடிய அலுமாரிக்குள் இருட்டில் 30 நிமிடம். பிறகு ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 10 நிமிடம்.

இந்தப் பத்து நிமிடத்தில் அவசரப்படாதீர்கள். ஜாரிலிருந்து எடுக்கும்போது படலம் வெளிறித்தான் இருக்கும். தண்ணீர் ஓட ஓடத்தான் நிறம் பிடிக்கும். தண்ணீர் வெட்டு வரக்கூடிய நாளென்றால் முதலே இரண்டு வாளி நிறைத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரு தடவை ஷிஃப்பில் இருந்து ஸ்லைட்டை எடுத்துக்கொண்டு குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. அன்றிலிருந்து வாளி நிறைக்காமல் நான் தொடங்கியதில்லை.

கடைசியில் கருவுக்கு ஹீமற்றொக்சிலின், 5 முதல் 10 நிமிடம். மறுபடி குழாய்த் தண்ணீர். காயவைத்து எண்ணெய் வில்லையில் பாருங்கள்.

எதை முதலில் பார்ப்பது

நான் வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். மூதூர்ப் பக்கமிருந்து ஏழு வயதுப் பிள்ளையின் குருதி வந்தது. காலையில் எடுத்த ரியூப், வெயிலில் பஸ்ஸில் வந்து, பின்னேரம் என் மேசைக்கு வந்தது. அன்று வேலை குவிந்து கிடந்ததால் அடுத்த நாள் காலையில்தான் படலம் இழுத்தேன். படலம் முழுக்கப் பிளாஸ்ட் கலங்கள், அதாவது முதிராத இளம் வெண்குழியங்கள். சாயமேற்றிப் பார்த்தால் ஒன்றிலும் சிவப்பு இல்லை. "எதிர்மறை" என்று எழுதத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் மூத்த எம்.எல்.ரி. (ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்) பின்னால் வந்து நின்று ஒரேயொரு கேள்வி கேட்டார்: "நியூட்ரோபில் என்ன நிறம், பிள்ளை?"

நான் பார்த்திருக்கவில்லை. திரும்பத் தேடினேன். அந்தப் பிள்ளையிடம் நியூட்ரோபில் மிகக் குறைவு. படலத்தின் ஓரமெல்லாம் தேடி மூன்றைப் பிடித்தேன். மூன்றும் வெளிறிக் கிடந்தன. என் விரல் குருதியில் நியூட்ரோபில்கள் நல்ல சிவப்பு. ஆக, சாயத்தில் பிழையில்லை. ரியூப்புக்குள் ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்த கலங்கள் கட்டுச்சோற்றை முடித்துவிட்டன. அன்றே அந்தப் பிள்ளையின் கட்டிலடிக்குப் போய் விரல் குத்திப் படலம் இழுத்தோம். புதிய படலத்தில் பிளாஸ்ட் கலங்களுக்குள் சிவப்புக் கட்டிகள் தெளிவாக நின்றன.

அதனால் ஒழுங்கு இதுதான். முதலில் உங்கள் கட்டுப்பாட்டு ஸ்லைட்டில் நியூட்ரோபில். பிறகு நோயாளியின் நியூட்ரோபில். அவை சிவந்திருந்தால் மட்டும் பிளாஸ்ட் கலத்துக்குப் போங்கள்.

நோயில்லாத குருதியில் முதிர்ந்த நியூட்ரோபிலின் குழியவுரு முழுக்க, பீட்ரூட் கறிச் சாறு ஊறிய சோறு மாதிரி, மணி மணியாக நெருங்கிச் சிவந்திருக்கும். என்பு மச்சையில் அதன் முந்திய நிலைகளைத் தேடிப் பாருங்கள்: மைலோபிளாஸ்டில் ஒன்றுமில்லை அல்லது மெல்லிய சாயல் மட்டும், புரோமைலோசைட்டில் கொஞ்சம், முதிர முதிரக் கூடும். ஒரே படலத்தில் இந்த ஏற்றத்தைப் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் விருப்பமான காட்சி. இயோசினோபிலில் மணிகள் சாயம் பிடிக்காது, மணிகளுக்கு இடையில் உள்ள வெளிதான் சிவக்கும். மொனோசைட்டில் நுண்ணிய தூள், பெரும்பாலும் ஓரத்தில். லிம்போசைட்டில் அனேகமாக ஒன்றுமிருக்காது. சிலவற்றில் சின்னப் புள்ளிகள் இரண்டு மூன்று தெரியலாம். சிறுதட்டுக்கள் சிவக்கும். அவை ஒரு லிம்போசைட்டின் மேல் ஏறிக் கிடந்தால் உள்ளே இருப்பதாக நினைத்து ஏமாறவேண்டாம். நுணுக்குக்காட்டியின் நுண்செப்பத் திருகை மெல்லத் திருகினால் அது வேறு தளத்தில் இருப்பது தெரியும்.

இனி லூக்கீமியா. லிம்போசைட் வழி வரும் கடுமையான லிம்போபிளாஸ்டிக் வகையில், அதாவது ஏ.எல்.எல்.லில், நாம் தேடுவது கட்டி. நீலக் கருவைச் சுற்றி மெல்லிய குழியவுரு. அந்தக் குழியவுருவின் தளம் சுத்தமாக, நிறமே இல்லாமல் இருக்கும். அதில் மாதுளை முத்து ஒன்றை வைத்த மாதிரி ஒரு சிவப்புக் கட்டி, அல்லது கருவைச் சுற்றி மணி கோத்த மாதிரிப் பரும் புள்ளிகள். எல்லாப் பிளாஸ்ட் கலத்திலும் இருக்காது. ஒரு பகுதியில்தான் இருக்கும். பத்துக் கலத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லாமல் நூறை எண்ணவேண்டும் என்பது அதனால்தான்.

ஏ.எம்.எல். என்ற, நியூட்ரோபில், மொனோசைட் போன்றவற்றின் வழி வரும் கடுமையான மைலொயிட் வகையில் இப்படியில்லை. தண்ணீரில் ஒரு கரண்டி ரோஸ் சர்பத் விட்ட மாதிரிக் குழியவுரு முழுக்க மெல்லிய சாயல். மொனோசைட் வழி வந்தவை என்றால் அந்தச் சாயலின் மேல் நுண்ணிய தூளும் இருக்கும்; சில நேரம் ஓரத்தில் கட்டிகளும் வரும், ஆனால் அடித்தளம் சுத்தமாக இருக்காது. சிவப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதைவிட, கட்டிக்குப் பின்னால் தளம் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். நான் சொல்லித் தருவதில் பாதி இந்த ஒரு பார்வைதான்.

செங்குழிய வழிக் கலங்களையும் விட்டுவிடாதீர்கள். கருவுள்ள இளம் செங்குழியங்களில் சாதாரணமாகச் சிவப்பு வராது. செங்குழிய வழியில் வரும் எரித்ரோலூக்கீமியாவில் நன்றாக வரும். ஆனால் தலசீமியாவிலும் இரும்புச்சத்துக் குறைவிலும் கூட வரலாம். அதனால் அதை மட்டும் வைத்துப் பெயர் சூட்டக்கூடாது.

நாட்பட்ட வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சி.எம்.எல். என்ற நாட்பட்ட மைலொயிட் வகையில் நியூட்ரோபில் வழிக் கலங்கள் எண்ணிக்கையில் பெருகினாலும், ஒவ்வொன்றும் வைத்திருக்கும் கிளைக்கோசன் சாதாரண அளவைவிடக் குறைவு என்பதை 1940களிலும் 50களிலும் இரசாயன முறையில் அளந்து கண்டார்கள். சி.எல்.எல். என்ற நாட்பட்ட லிம்போசைட் வகையில் லிம்போசைட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதலான புள்ளிகளைக் காட்டும். அன்றாட வேலையில் இந்த இரண்டுக்கும் பி.ஏ.எஸ். அவ்வளவாகத் தேவைப்படாது.

இதால் சொல்ல முடிந்ததும் முடியாததும்

பி.ஏ.எஸ்.ஸைத் தனியாகச் செய்யாதீர்கள். மைலொயிட் கலத்தைக் காட்டிக்கொடுக்கும் மைலோபெரொட்சிடேசு அல்லது சுடான் பிளாக் சாயம் முதலில். நூறு பிளாஸ்டில் மூன்றோ அதற்கு மேலோ அதில் நிறம் பிடித்தால் மைலொயிட் பக்கம் என்பது 1976இல் வந்த எஃப்.ஏ.பி. என்ற லூக்கீமியா வகைப்படுத்தலிலிருந்து வரும் அளவு. அது எதிர்மறையாகி, பி.ஏ.எஸ்.ஸில் வெறுந்தளத்தின் மேல் கட்டியும் இருந்தால் ஏ.எல்.எல். பக்கம் வலுக்கும். கட்டி இல்லையென்றால் ஏ.எல்.எல். இல்லை என்று சொல்லவே முடியாது. நிறமே பிடிக்காத ஏ.எல்.எல். இருக்கிறது. பேர்க்கிற் என்ற ஏ.எல்.எல். வகையில் குழியவுரு முழுக்க வெறுமையாகத் தெரியும் குமிழிகள் இருக்கும். அவை கொழுப்பு. பி.ஏ.எஸ்.ஸில் சிவக்காது.

இப்போது கலத்தின் மேலுள்ள அடையாளப் புரதங்களைக் கருவியால் பார்க்கும் ஃபுளோ சைற்றோமெற்றியும் மரபணுச் சோதனையும்தான் கடைசி வார்த்தை சொல்கின்றன. அது சரிதான். ஆனால் அந்த முடிவு வருவதற்குள், நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருக்கும் வைத்தியருக்கு இரண்டு மணி நேரத்தில் ஒரு திசையைக் காட்ட இந்தச் சிவப்புப் போதும். அதனால்தான் இதைக் கவனமாகச் செய்யச் சொல்கிறேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு விசயம், வார்டில் இருப்பவர்களுக்கு. வெண்குழிய எண்ணிக்கை இலட்சக்கணக்கில் ஏறிய லூக்கீமியா நோயாளியின் சீனி அறிக்கை சிலவேளை பயங்கரமாகக் குறைந்து வரும். நோயாளியோ வியர்வையும் நடுக்கமும் இல்லாமல் கதைத்துக்கொண்டிருப்பார். உடம்பில் சீனி குறையவில்லை. ரியூப்புக்குள் அத்தனை கலங்களும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன. புளோரைட்டு ரியூப்பில் எடுத்தாலும் உடனே நிற்காது, அது முழுதாக வேலை செய்ய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே எடுத்த கையோடு ஆய்வுகூடத்துக்கு ஓடி, உடனே சுழற்றித் திரவவிழையத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். கட்டிலடியில் மீற்றரிலும் ஒரு தடவை பாருங்கள். ஆனால் அறிகுறி இருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் முதலில் சிகிச்சை.

அறிக்கையில் "பி.ஏ.எஸ். நேர்" என்று இரண்டு சொல்லில் முடிக்காதீர்கள். நூறு பிளாஸ்டில் எத்தனையில் கண்டீர்கள், கட்டியா தூளா சாயலா, பின்தளம் வெறுமையா, அமிலேசுக்குப் பிறகு போனதா, நோயாளியின் நியூட்ரோபில் எப்படி இருந்தது, இவ்வளவும் இருக்கவேண்டும். படலம் எத்தனை மணிக்கு இழுத்தது என்பதையும் போடுங்கள். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு மாற்றி அனுப்புகிற பிள்ளை என்றால், சாயமேற்றாத மூன்று படலங்களை மெல்லிய தாளில் தனித்தனியாகச் சுற்றி, ஸ்லைட் பெட்டியில் வைத்து, தாயின் கையில் கொடுக்காமல் கடிதத்தோடு சேர்த்து அம்புலன்ஸில் போகும் தாதியிடம் கொடுங்கள். தாயின் கையில் அந்த நேரம் பிள்ளை இருக்கும்.